கரண்டுச் சுடுதண்ணி

"உவனுக்கு மனிசியைவிட உந்தப் பழைய வண்டிதான் பெரிசு."

கார்க் கண்ணாடி இறங்கியிருந்ததை மகேஸ்வரன் கவனிக்கவில்லை. மனைவியிடம் மெல்லச் சொன்னது, பக்கத்தில் நின்ற, உள்ளேயே தங்கிப் பயணம் போகும் ஆர்.வி. வண்டி வரைக்கும் கேட்டது.

அங்கே அவருடைய தம்பி சச்சிதானந்தன் முழங்காலில் இருந்து, வண்டியின் சுடுதண்ணித் தொட்டியில் கரண்டில் சூடாகும் கம்பி ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

லோங் வீக்கெண்ட். இரண்டு குடும்பமும் கனடாவின் விட்பியிலிருந்து விடியவே காம்பிங்குக்குப் புறப்பட்டிருக்க வேண்டும்.

மகேஸ்வரன் காரை விட்டு இறங்கி வந்தார்.

"தேர்கூட இந்நேரம் ஒரு சுத்துச் சுத்தி வந்திருக்குமடா!"

"முடிஞ்சுது அண்ணை. தண்ணியும் நிரப்பிட்டன். கரண்ட் குடுத்து ஒருக்காச் சூடாக்கிப் பாத்தால் சரி."

"காஸிலை தண்ணி நல்லாத்தானே சூடாகுது? பிறகென்ன கரண்ட்?"

"காம்பிலை கரண்ட் தருவினம்தானே."

"அதை இண்டைக்குத்தான் பூட்டோணுமோ? போன முறையும் வண்டி வேலைதான் சாட்டு. தவமணியைப் பார், பாவம்."

தவமணி வாசற்படியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"நீராவது உம்மடை மனிசனுக்குச் சொல்லும் பிள்ளை."

தவமணி சிரித்தார்.

சச்சிதானந்தன் வயர் எடுக்க கராஜுக்குள் போனார்.

"வயரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். இப்ப பாருங்கோ!" மகேஸ்வரன் காஸைத் திறந்துவிட்டு, வண்டிக்குள் ஏறி சுவிச்சைத் தட்டினார்.

டும்!

தண்ணி சூடாக்கும் பழைய காஸ் அடுப்பு அப்படித்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஒரேயடியாகப் பற்றும்.

"பாத்தியளோ? வேலை செய்யுது!" என்றபடி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

படியில் பை மட்டும் இருந்தது. தவமணி புல்லில் குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கைகளும் தலையை மூடியிருந்தன.

சச்சிதானந்தன் ஓடி வந்தார். முதலில் காஸை மூடினார். பிறகு மனைவிக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார்.

"ஒண்டுமில்லை தவம். காஸ்தான். நிப்பாட்டிட்டன்."

தவமணி எழும்ப நேரம் எடுத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பாராமல் வீட்டுக்குள் போனார்.

"எனக்கு விளங்கேல்லையடா..." என்றார் மகேஸ்வரன்.

"நீங்கள் எண்பத்தேழிலையே இஞ்சை வந்திட்டியள் அண்ணை. அவ வன்னியிலை சண்டை முடியுமட்டும் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ளை இருந்தவ." சச்சிதானந்தனின் குரல் உயரவில்லை. "போன வருசம் காம்பிங் போன இடத்திலை அது பத்தினபோதெல்லாம் இப்பிடித்தான். பிறகு காஸைப் போட விடேல்லை. பச்சைத் தண்ணியிலைதான் குளிச்சவ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டிட்டா."

மகேஸ்வரன் கராஜுக்குள் போய் வயரை எடுத்து வந்து செருகினார். பிறகு முழங்காலில் இருந்து, தொட்டியின் தகட்டில் உள்ளங்கையை வைத்தபடி, அது சூடாகும்வரை காத்திருந்தார்.