அளவு நோட்டு

"'இவ்வளவுதானா?'ன்னு கேட்டாங்க உங்க அம்மா. டாக்டர் எதிரிலேயே! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

கட்டிலில் இடது பக்கமாகப் படுத்தபடி அவள் பொருமினாள். கணவன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். பஸ் டிரைவர். மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

"அது நடந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கே?"

"படுத்தே கிடக்கிறவளுக்கு வேற என்ன வேலை?"

நியாயம்தான். போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போனது. கருப்பையின் வாய் கனம் தாங்காமல் முன்கூட்டியே திறந்துகொள்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த முறை டாக்டர் காத்திருக்கவில்லை, மூன்று மாதம் முடிந்ததுமே தையல் போட்டுவிட்டார்.

"சுருக்குப்பை வாயை நாடாவால இழுத்துக் கட்டறோமில்ல, அதே மாதிரிதான். முப்பத்தேழாவது வாரம் பிரிச்சுடலாம்" என்று விரல்களைக் குவித்துக் காட்டினார் டாக்டர். அப்போதுதான் மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டதோடு விடாமல், விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

இப்போது இருபத்து நான்காவது வாரம். முப்பத்தேழு எங்கோ இருந்தது.

"சரி, அதை விடுங்க. பிறக்கப் போற பிள்ளைக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுங்க அத்தைன்னு ஆசையாக் கேட்டேன். 'அந்த அளவு என்கிட்ட இல்லை'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. அவங்க அளவு நோட்டுல இந்தத் தெருவே இருக்கு. பேரப்பிள்ளைக்கு மட்டும் அளவு இல்லையாம்!"

"அம்மாவுக்கு நாக்குதான் கத்தரிக்கோல். மனசு அப்படி இல்லை." அவன் சிரித்தான். "ஒரு தம்ளர் தூக்க விடறாங்களா உன்னை?"

"அதுவும் ஜெயில்தான். ஒரு கைதி, ஒரு வார்டன்."

அவன் அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்பினான். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

மூன்றரை மணிக்கு அவள் வயிறு இறுகியது. முதலில் பிரமை என்று நினைத்தாள். இல்லை, நிஜமாகவே இறுகியது.

"அத்தை!"

மெஷின் பாதித் தையலில் நின்றது. தோளில் அளவு டேப்போடு ஓடி வந்தாள் மாமியார்.

"என்னம்மா?"

"வயிறு கல்லு மாதிரி ஆகுது. பயமா இருக்கு."

மாமியார் வயிற்றில் கை வைத்தாள். கண் கடிகாரத்துக்குப் போனது. மறு கையால் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக இருந்தது.

நர்ஸ் நிதானமாகச் சொன்னாள். "தண்ணி குடிக்கச் சொல்லுங்க. இடது பக்கமா படுக்கட்டும். ஒரு மணி நேரம் பாருங்க. விட்டு விட்டு இறுகிக்கிட்டே இருந்தாலோ, ரத்தமோ தண்ணியோ பட்டாலோ ஒரு நிமிஷம்கூட நிக்காம வந்துடுங்க."

மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வாசலில் வைத்தாள். துணி, ரிப்போர்ட், டார்ச் எல்லாம் அதில் இருந்தன. தையல் போட்ட அன்றே கட்டி வைத்த பையாம். இப்படி ஒரு பை இருப்பதே மருமகளுக்குத் தெரியாது. மாமியார் திரும்பி வந்து மறுபடியும் வயிற்றில் கை வைத்தாள்.

பத்து நிமிடத்தில் இன்னொரு முறை இறுகியது. பிறகு இல்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை பீறிட்டது.

"இதுவும் போயிடுமா அத்தை?"

"வாயைக் கழுவு. ஒண்ணும் போகாது."

"உங்களுக்குச் சொல்றது சுலபம். பிள்ளையைப் பெத்து, வளர்த்து, கல்யாணமும் பண்ணிப் பார்த்துட்டீங்க. உள்ள இருக்கிறது நழுவிடுமோன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துப் பொழைக்கிறது உங்களுக்கு எங்கே தெரியும்?"

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று உறைத்தது. மாமியார் கோபப்படவில்லை. வயிற்றில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"நாலு" என்றாள்.

"என்ன நாலு?"

"எனக்குப் போனது. நாலும் அஞ்சாம் மாசம். என்ன காரணம்னு ஒருத்தரும் சொல்லலை. ராசி கெட்டவள்னு சொன்னாங்க, நானும் அப்படித்தான் போலிருக்குன்னு நம்பிட்டேன்." "பன்னிரண்டு வயசுலேர்ந்து சுருக்குப்பை தைக்கிறவ நான். அன்னைக்கு டாக்டர் அதே மாதிரிதான்னு சொன்னதும் என்னையறியாம வாயில வந்துடுச்சு, இவ்வளவுதானான்னு. வெளியே போய் அழுதேன்."

மருமகளுக்கு இரண்டு மாதமாக மனசுக்குள் போட்ட சண்டையை எல்லாம் நினைக்க வெட்கமாக இருந்தது.

கடிகாரம் நாலரையைத் தாண்டியது. வயிறு இளகியிருந்தது. உள்ளே ஒரு உதை விழுந்தது. இருவர் கைக்கும் அது தெரிந்தது.

"விடுங்கத்தை" என்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சாவதா உங்க பிள்ளையாவது தங்கினாரே."

மாமியார் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த அளவு டேப்பை எடுத்து மெல்லச் சுருட்டினாள்.

"அவன்கிட்ட மூச்சு விடாதே. பிறந்த குழந்தையோட அளவு என்கிட்ட இல்லைன்னு சொன்னது நிஜம்தான். என் கைக்கு வந்தப்பவே அவனுக்கு ஒன்றரை வயசு."