மூன்றாவது கியர்

"கியர் போடவே தேவையில்லாத வண்டி! அதை ஓட்டவும் துப்பில்ல. வழியில பெட்டியை வித்துட்டு இங்க வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க வேண்டியது!"

சூப்பர்வைசர் லிபின் இதைத் தமிழில் சொல்லிவிட்டு, சுமை ஏற்றும் ஆட்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று இந்தியிலும் ஒருமுறை சொன்னான். சாகண் கிடங்கு வாசலில் நின்றிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

டிரைவர் சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக அவருடைய லாரியில் கார் ஹெட்லைட் பெட்டிகள் குறைந்திருந்தன.

"நாசிக் ரோட்டு ஏத்தத்துல வண்டி செத்துப் போவுது தம்பி. ரெண்டாவதுல இருந்து மூணாவது கியர் விழுறதுக்குள்ள இழுவையே இல்லாம ஊர்ந்து போவுது. அங்க வச்சுத்தான் எவனோ..."

"எவனோவா? பின்னாடியே பைக்ல காவலுக்கு வர்றேனே, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு பய கிட்ட வரல. இன்னொரு தடவை குறைஞ்சுது, நேரா போலீஸ்தான். போ, போ. சலோ!"

முதல் திருட்டு நடந்ததுமே, லாரிக்குப் பின்னால் தானே காவலுக்கு வருவதாகச் சொன்னவன் லிபின். வயது இருபத்தெட்டு. அவனைப் போன்ற பொறுப்பான பையன் கிடைப்பது அபூர்வம் என்று முதலாளி ஆண்டனி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சின்னதுரை லாரியை விஷ்ராந்த்வாடிக்குக் கொண்டுபோனார். அங்கே ஜோசபினின் பட்டறை இருந்தது. ராணுவ வண்டிகளில் வேலை பழகியவள். கனரக வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டுவதில் அவளுக்குப் பெயர் உண்டு.

அடித்தட்டைக் கழற்றியதும் கறுத்துப்போன ஆயிலிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அண்ணே, உள்ளே கிளட்ச் பிளேட் எல்லாம் கருகிடுச்சு. ஆயில் பிரஷரும் கம்மி. அதான் கியர் வழுக்குது. ஆமா, இதுக்குக் கம்பெனியில காசு தரலையா?"

"கேட்டேன். சூப்பர்வைசர் சிரிச்சான். என் கைக்காசுதான். இன்னொண்ணும்மா... மூணாவது கியர் சும்மா விழுந்தா பத்தாது. பட்டுன்னு விழணும். வண்டி ஒரு வெட்டு வெட்டணும்."

"மெத்துனு விழுந்தாதானே ஓட்டுறவங்களுக்குச் சுகம்?"

"எனக்குச் சுகம் வேண்டாம். பின்னால வாரவனுக்கு உசுரு உள்ள மட்டும் மறக்கக் கூடாது."

ஜோசபின் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

புது பிளேட்டுகள் போட்டாள். வால்வுகளுக்குப் பின்னால் இருந்த தொய்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றி, விறைப்பானவற்றை வைத்தாள். பிரஷரை ஏற்றினாள். ஆலந்தி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது, யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் லாரி பாய்ந்தது.

"இதுக்கு மேல ஏத்த மாட்டேன் அண்ணே. ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்லை."

"இது போதும்மா."

திங்கட்கிழமை மத்தியானம். தூறலில் பகலே மங்கலாக இருந்தது. ஏற்றம் வந்ததும் சின்னதுரை ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். 'டக்'கென்று மூன்றாவது கியர் விழுந்தது. லாரி முன்னால் துள்ளியது. பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். சாலை நடுவில், கால் முறிந்து, லிபின் துடித்துக்கொண்டு கிடந்தான்.

"நீ எப்படி இங்க..." என்று ஆரம்பித்தவர், அவன் காலைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

சாயங்காலம் மருத்துவமனையில் லிபின் முதலாளியிடம் விசும்பினான். "வேணும்னே வண்டியைப் பின்னால உருட்டி என் பைக் மேல ஏத்திட்டான் சார். என்னைக் கொல்லப் பாத்தான்!"

சப் இன்ஸ்பெக்டர் ஷபானா அதற்குள் ஜோசபினிடம் விசாரித்திருந்தார். அவள் தயங்கித் தயங்கி, சின்னதுரை சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டாள்.

"திருடன்னு மட்டும்தான் நெனச்சேன். கொலைகாரனும்தானா? உனக்கெல்லாம் சோறு போட்டேனே!" என்று ஆண்டனி சின்னதுரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வண்டி பின்னால போவல சார். முன்னாலதான் பாஞ்சுது" என்றார் சின்னதுரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் அவரை வாயை மூடச் சொன்னார்.

லாரியைச் சோதித்துவிட்டுத் திரும்பிய ஷபானா கட்டிலருகே வந்து நின்றார். இந்தியில் கேட்டார். "லாரி உன் பைக்கை இடிச்சுது. சரி. பைக் எங்கே?"

"நான் மயங்கிக் கிடந்தப்ப எவனோ எடுத்துட்டுப் போயிட்டான் மேடம்."

"நொறுங்கின பைக்கை ஓட்டிக்கிட்டா?"

லிபின் வலியில் முனகினான்.

ஷபானா ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒற்றை ஷூ இருந்தது. "இது உன்னோடதா?"

பேச்சு மாறிய நிம்மதியில் லிபினின் முகம் மலர்ந்தது. "ஆமா மேடம், என்னோடதுதான்! புது ஷூ. ரோட்டுல கிடந்துச்சா?"

"இல்லை. லாரிக்குள்ள, தார்ப்பாய்க்கு அடியில, பாதி கிழிச்ச ஹெட்லைட் பெட்டியில மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு."