குரோட்டன்ஸ் பிழைத்த கதை

பால்கனித் தொட்டியிலிருந்த குரோட்டன்ஸுக்குச் செல்லமென்றால் அப்படியொரு செல்லம். ஓர் இலை வாடினால் பூரணி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள். அது தெரியாமல் அவள் கணவர் ஒரு சொம்பு, மகள் ஒரு சொம்பு. வேர் அழுகத் தொடங்கியது.

ஒருநாள் மூவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குற்றாலம் கிளம்பினார்கள்.

"இனி தண்ணி ஊத்த ஆளில்லை. உன் கதை முடிஞ்சுது" என்றது பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் செடி.

"சும்மா இரு. இப்பதான் வேருக்கு மூச்சே வருது" என்றது குரோட்டன்ஸ்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது அதன் உச்சியில் செக்கச்செவேலென்று புதுத்தளிர்கள் நிமிர்ந்து நின்றன. பூரித்துப்போய் ஆளுக்கொரு சொம்போடு ஓடிவந்தார்கள். பூரணி மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஈரம்.

"யாரும் ஊத்தாதீங்க! நாம ஊர்ல இல்லாததாலதான் இது பொழைச்சிருக்கு."

மூன்று சொம்புத் தண்ணீரும் தூசி படிந்த பிளாஸ்டிக் செடியின் தலையில் விழுந்தது.