குளத்தடியில் ஒரு மூடி

தோட்டத்துக் குளத்துக் கெண்டைக்கு எட்டு வருஷமாக அடிச்சேறுதான் வீடு. ஒருநாள் வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்கி, தரையைத் துளைக்காமலே, குடை போல ஒரு மூடியை, சுற்றிலும் இடைவெளி விட்டு, அடியில் பொருத்தினார். மூடிக்குள்ளிருந்து ஒரு குழாய் கரையேறிப் போனது. மோட்டார் உறுமியது. மூடிக்கு அடியில் நடுவே இருந்த துளை சேற்றை இழுத்து விழுங்கத் தொடங்கியது.

கெண்டை மறுகோடிக்கு ஓடி நடுங்கியது. "அது வாய். இன்றைக்குச் சேறு, நாளைக்கு நான்."

அல்லி இலையில் இருந்த தவளை தொண்டையைச் செருமிக்கொண்டது. "வாய் என்றால் வயிறு வேண்டும், கெண்டையக்கா. கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். சேறு அங்கே வடிகட்டும் தொட்டியில் நின்றுவிடுகிறது, தண்ணீர் இங்கேயே திரும்புகிறது. அந்தத் துளையில் உன் தலைகூட நுழையாது. பயப்படவும் ஒரு முகாந்திரம் வேண்டாமா?"

விளக்கத்தில் பிழை இல்லை. நடுக்கம்தான் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் குளம் கண்ணாடியாகிவிட்டது.

"என்ன அழகு பார்த்தாயா? அடிவரை தெரிகிறது" என்றது தவளை.

"யாருக்கு?" என்று கேட்டது கெண்டை.

தவளை யோசிப்பதற்குள் ஒரு கொக்கு வந்து இறங்கியது. ஒளிய ஒரு பிடிச் சேறு இல்லை. குளத்தில் மிச்சமிருந்த ஒரே இருட்டு அந்த மூடிக்கு அடியில்தான். மூடிக்கொள்ள இமை இல்லாததால், கெண்டை திறந்த கண்ணோடே அதற்குள் புகுந்தது. துளை அதன் வாலை இழுத்துக்கொண்டே இருந்தது.

மேலே தண்ணீர் ஒருமுறை சிதறியது. கொக்கின் கால்கள் எழும்பி மறைந்தன.

"தவளைத் தம்பி, போய்விட்டதா?"

அல்லி இலை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.