மேட்டுக்கு மேடு கழன்ற செயின்

காலையிலிருந்து நாலாவது தடவையாக, ஏற்றத்தின் பாதியில் வழிகாட்டிப் பெண் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க. செயின் மறுபடியும் கழண்டுடுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம்."

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். அவசரமே இல்லாமல் கையுறையை விரல் விரலாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

தீயணைப்பு அதிகாரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மணி அடித்த அரை நிமிடத்தில் வண்டியில் தொற்றிக்கொண்ட முப்பத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கிளம்பும் முன்பே கருவியைச் சோதிக்காதவர்களை அவர் தன் நிலையத்தில் ஒரு நாள்கூட விட்டுவைத்ததில்லை.

நாலு நாள் பயணம். தார் போடாத சரளைப் பாதையிலேயே காட்டையும் ஏரிகளையும் பழைய ஊர்களையும் சுற்றி வருவது. மொத்தம் ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தவர் அதிகாரி. முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டார்: தனக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை, தானும் யாருக்காகவும் நிற்கப் போவதில்லை.

இன்று இரண்டாம் நாள். நின்று நின்றே பொழுது போனது.

அவர் தள்ளிப் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி ஒரு பாறையில் உட்கார்ந்தார். கோபத்தில் இருக்கிறார் என்று மற்றவர்கள் கிட்டே போகவில்லை.

மதியச் சாப்பாடு ஒரு குட்டி ஏரிக்கரையில். அதிகாரி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே பயண நிறுவனத்தின் முதலாளிக்குப் போன் போட்டார். ஓட்டை சைக்கிளை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுவதாகவும், இந்தப் பெண்ணுக்குப் பொறுப்பே இல்லை என்றும் பொரிந்து தள்ளினார்.

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. மரத்தடிக்கு ஒதுங்கிப் போனாள். "சரி சார்" என்று மூன்று முறை சொன்னது மட்டும் கேட்டது. திரும்பி வந்தவள், ஒன்றுமே நடக்காதது போல எல்லார் பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பினாள்.

கூட வந்த பல் டாக்டர் அம்மா அதிகாரியின் பக்கத்தில் வந்து, அவளிடம் விசாரித்த விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னார். நாளைக் காலையில் வேறு வழிகாட்டி வருகிறாராம். இந்தப் பெண் வேலையை விட்டுப் போக வேண்டியதுதானாம்.

செய்தது சரிதான் என்று அதிகாரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பொட்டலத்தைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டார்.

சாயங்காலம் கோட்டை வாசலைத் தாண்டி, கருங்கல் பாவிய தெரு வழியாகப் பழைய ஊருக்குள் நுழைந்தார்கள். விடுதிக்கு எதிரிலேயே ஒரு சைக்கிள் கடை. அவள் எல்லாருடைய பைகளையும் மாடிக்குச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. போகிற பெண்ணுக்குச் சைக்கிளையாவது சரி செய்து கொடுப்போம் என்று அவரே அதை உருட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரர் பெடலைச் சுழற்றினார். கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பிறகு இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"செயின் கழறுதுன்னு யார் சொன்னாங்க? போன வாரம் நான்தான் புதுசு போட்டேன். அந்தப் பொண்ணா விரலை விட்டு எடுத்துவிட்டாத்தான் உண்டு."

அதிகாரி தானே செயினை விரலால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

யோசித்துப் பார்த்தார். சமதளத்தில் ஒரு தடவைகூட அவள் நிற்கவில்லை. இறக்கத்திலும் இல்லை. ஏற்றத்தில் மட்டும்தான், அதுவும் அவருக்கு மூச்சு முட்டி, கால் தள்ளாடப் போகிற நேரம் பார்த்து.

எட்டு மாதம் முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொன்னதும் அதைத்தான். தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம், மேட்டில் மட்டும் நின்று நின்று ஏற வேண்டும். அதை இந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

விடுதியின் பின்கட்டில் அவள் குழாயடியில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் நின்றார். என்ன கேட்க வந்திருக்கிறார் என்பது, அவர் கையில் இருந்த கிரீஸைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முதல் நாள் முதல் மேட்டுலயே பார்த்துட்டேன் சார். வேடிக்கை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னு நெஞ்சைத் தடவிட்டிருந்தீங்க. நில்லுங்கன்னு சொன்னா நிக்கிற ஆளா நீங்க?"

"உங்க முதலாளி திட்டினப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா அடுத்த நிமிஷமே வேன் அனுப்பி உங்களை வீட்டுக்கு ஏத்திவிட்டிருப்பாரு. நாளைக்குத்தான் சார் பெரிய ஏரியே வருது. நான் வருஷம் பூரா பார்க்கிற ஏரி. நீங்க பார்த்ததில்லையே."

அதிகாரி தெருவுக்கு வந்து போனை எடுத்தார். இனி பார்க்க முடியாத அந்தப் பெரிய ஏரி ஒரு நிமிடம் மனசில் வந்து போனது. எண்ணை அழுத்தினார்.

இப்போது என்ன குறை என்று எதிர்முனையில் முதலாளி பதறினார்.

"பழுது அந்தப் பொண்ணு சைக்கிள்ல இல்ல சார்" என்றார் அதிகாரி. "என் நெஞ்சுலதான்."