சிலுப்பாத கிடா

ஒரு மந்தையில் செவலை என்றொரு கிடா இருந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம், உடனே வெட்டுவார்கள். அப்படிச் சிலுப்புகிறதுதான் பெரிய கிடா என்று மந்தையே பேசிக்கொள்ளும்.

கோயில் கொடைத் திருவிழா நாளில் செவலைக்கு மாலை போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அது அசையவே இல்லை. மறுபடியும் ஊற்றினார்கள். நின்றது நின்றபடிதான். "சாமிக்கு இஷ்டமில்லை" என்று பூசாரி அவிழ்த்துவிட்டார்.

"எங்க மானத்தையே வாங்கிட்டியேடா!" என்று ஆடுகளெல்லாம் கத்தின.

"தண்ணிக்கே பயந்துட்டாரு அண்ணன்!" என்று புள்ளிக்கிடா சிரித்தது.

"பயமில்லப்பா. வெயிலுக்கு அந்தத் தண்ணி குளுகுளுன்னு இருந்துச்சு. உதறினா போயிடுமேன்னு நின்னேன். அது தப்பா?" என்று கேட்டது செவலை.

தான் பெரியவனா, கோழையா என்று செவலைக்கே விளங்கவில்லை. சாமியைக் கேட்டுப் பார்த்தது. பிறகு மேயப் போய்விட்டது.

அடுத்த கொடைக்குப் புள்ளியை நேர்ந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் புள்ளி மெல்ல ஒட்டி வந்து, செவலையின் காதோரம் கேட்டது:

"அண்ணே, தண்ணி ஊத்துறப்ப சிலுப்பாம நிக்கிறது எப்படிண்ணே?"