ஊமைச்சி

ஊமைச்சியாம். வாயில் கொள்ளியை வைக்க.

இரண்டு வருடமாக இந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த பல்லையெல்லாம் தட்டிக் கையில் கொடுத்தால் என்ன என்றிருந்தது. என் பல்லும் அதில் சேர்த்தி.

எக்ஸ்ரே விண்கலம் பார்த்தால் கொதிக்கிற கேலக்ஸி அவள். எங்கள் மலைமேல் தொலைநோக்கியில் பார்த்தால் வெளிச்சத்தில் ஒரு சலனமும் இல்லை. நட்சத்திரப் புள்ளி போலத்தான் தெரியும், அத்தனை கச்சிதம். உள்ளே எரிந்தாலும் வாய் திறக்காதவள் என்று குழுத்தலைவர் பெயர் வைத்தார். அதையே கட்டுரையாகவும் எழுதியாயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும். வெளிவந்தால் என் வேலை நிரந்தரமாகும்.

"இது வெறும் நட்சத்திரம் மாதிரி இருக்கே சார்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"நீ என்ன ஊமைச்சிக்கு வக்கீலா?" என்றார். அறையே சிரித்தது.

இன்று காலை வானத்தின் புகைப்படத்தையும், தொலைநோக்கியைத் திருப்ப நாங்கள் வைத்திருந்த வரைபடத்தையும் அருகருகே வைத்தேன். வரைபடம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருந்தது.

இரண்டு வருடமாக நாங்கள் பார்த்தது பக்கத்து நட்சத்திரத்தை.

அவள் ஊமை இல்லை. அவள் இருந்த பக்கம் ஒருத்தரும் திரும்பவே இல்லை.

குழுத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு அனுப்பிடலாம். அடுத்த வருஷம் நாமளே ஒரு திருத்தம் போட்டுக்கலாம். நீ ஓகேன்னு ஒரு வரி அனுப்பு, போதும்."

வரைபடத்தை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"ஏம்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தோண்ட ஆரம்பிச்சா, வரைபடம் போட்டது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

குரலில் அத்தனை பரிவு.

காலையிலிருந்து எனக்குள் கொதித்தது யார்மேல் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரைபடத்தின் ஓரத்தில் வடக்கு, கிழக்கு என்று எழுதியிருக்கும் கையெழுத்து என்னுடையது.

"நான்தான்னு நானே எழுதிக்கறேன் சார்" என்றேன். "ஓகே மட்டும் வராது."